பெயிண்ட்டா? பூட்டா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார். "கவிதை மட்டும் வேணாம்டா சாமி. வந்து குவிஞ்சு கிடக்கு. அதுல பாதி நிலா!" எனக்கு நிலாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கன்டெய்னர் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். எக்ஸ்.எம்.எல். பற்றி அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்து போன வருடம் எங்கள் வீட்டில் செய்த கூத்தைத்தான் எழுதப் போகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் வீடு திருவொற்றியூரில். நைனா டிரெய்லர் ஓட்டுகிறார். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளியும் வந்தது. இத்தனை துறைமுகங்களுக்கும் போகிற வருகிற பெட்டிகள் எல்லாம் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது போல, எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்ற காலத்தில் நான் வளர்ந்தேன். "உங்கப்பா எங்கேடா?" என்று யாராவது கேட்டால் "லைன்ல இருக்காரு" என்பேன். ஒரு பக்கம் கல் கொட்டிய கடல், ஒரு பக்கம் வண்டி வரிசை. தூக்குச் சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய், நம்பர் பார்த்து நைனாவின் வண்டியைக் கண்டுபிடிப்பது சின்ன வயதில் எனக்கு ஒரு விளையாட்டு.

அந்த விளையாட்டில் பெட்டியின் கதவைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கதவில் மேலே பெரிதாக நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் தனியாகக் கட்டம் போட்டு ஓர் எண். அதற்குக் கீழே 22ஜி1, 45ஜி1 என்று பெட்டியின் அளவும் வகையும். இருபது அடிச் சாதாரணப் பெட்டி என்றால் 22ஜி1. அதற்கும் கீழே, அதிகபட்ச எடை எவ்வளவு, வெறும் பெட்டியின் எடை எவ்வளவு என்று கிலோவிலும் பவுண்டிலும் எழுதியிருக்கும். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரக்குறிப்பில் இந்த அடையாளங்களுக்கு விதி வகுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் டிப்ளமா சேர்ந்த பிறகுதான் தெரியும்.

கட்டத்துக்குள் இருக்கும் அந்தக் கடைசி எண் ஒரு காவல்காரன். உதாரணத்துக்கு வழக்கமாகக் காட்டும் எண் சி.எஸ்.கியூ.யூ. 305438, கட்டத்துக்குள் 3. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏ என்றால் 10. அங்கிருந்து ஏறிக்கொண்டே போய், 11, 22, 33 ஆகியவற்றை மட்டும் தாண்டிவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் சி 13, எஸ் 30, கியூ 28, யூ 32. இந்த நான்கையும் பின்னால் வரும் ஆறு எண்களையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. சரியாக இருக்கிறதா? யாராவது தப்பாக ஓர் எண்ணைத் தட்டினால் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள். இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டியின் எண் என்பது ஒன்றே ஒன்றுதான். அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். சீல் அப்படி இல்லை.

இனி கதைக்கு வருகிறேன்.

இறுதியாண்டுப் பயிற்சிக்கு எங்கே போவது என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, நைனா தன் வண்டி ஓடும் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். சின்ன அலுவலகம். நான்கு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டீ பிளாஸ்க். அங்கே ஒவ்வொரு பெட்டியின் விவரத்தையும் நான்கு இடத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அதிலிருந்து கேட்டுக்கு வேண்டிய ஃபார்ம் 13, பார்ட்டிக்கு வேண்டிய லிஸ்ட் என்று தேவையானதை அச்சடித்தால் என்ன என்று கேட்டேன். "செஞ்சு குடு தம்பி" என்றார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

எக்ஸ்.எம்.எல். தெரியாத நண்பர்களுக்கு ஒரு நிமிடம். ஒரு தகவலைச் சுற்றித் திறக்கும் டேக், மூடும் டேக் என்று இரண்டு போட்டு அதற்குப் பெயர் வைத்தால் அது எலிமெண்ட். திறக்கும் டேக்குக்குள்ளேயே, பெயர் ஒரு பக்கம், மேற்கோள் குறிக்குள் மதிப்பு ஒரு பக்கம் என்று எழுதினால் அது அட்ரிபியூட். பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. தமிழிலேயே எழுதலாம், பார்சர் வாயைத் திறக்காது. நான் எழுதியது இதுதான்:

<பெட்டி எண்="சிஎஸ்கியூயூ3054383" வகை="22ஜி1" சீல்="448120" எடை="7250" பொருள்="ஷூ"/>

எவ்வளவு அழகு! ஒரு பெட்டிக்கு ஒரே வரி. மூடும் டேக்கே தேவையில்லை. எல்லாமே அட்ரிபியூட். எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அட்ரிபியூட்ல திணிச்சிருக்கியே, யோசிச்சுதான் பண்ணியா?" என்று கேட்டார். "கோப்பு சின்னதா இருக்கும் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பயிற்சியின் மூன்றாவது வாரம் புரோகிராம் ஒரு பெட்டியைப் படிக்க மறுத்தது. 'டூப்ளிகேட் அட்ரிபியூட்' என்று திரையில் வந்தது. என்ன நடந்தது என்று பார்த்தேன். ஏற்றுமதிப் பெட்டிக்குப் பொருள் ஏற்றும் இடத்திலேயே ஒரு பாட்டில் சீல் போட்டுப் பூட்டுவார்கள். அதில் ஓர் எண் இருக்கும். சில பெட்டிகளைச் சுங்கத்தார் திறந்து பார்ப்பார்கள். அப்போது பழைய சீலைக் கட்டர் வைத்து வெட்டிவிட்டு, பார்த்து முடித்ததும் புதுச் சீல் போடுவார்கள். தினமும் நடக்கும் விஷயம்தான். சூப்பர்வைசர் புதுச் சீல் எண்ணைத் தட்டியிருக்கிறார். என் புரோகிராம் அதே வரியில் இரண்டாவதாக ஒரு 'சீல்' அட்ரிபியூட்டை ஒட்டிவிட்டது. ஒரே டேக்கில் ஒரே பெயரில் இரண்டு அட்ரிபியூட் இருக்கக் கூடாது என்பது எக்ஸ்.எம்.எல்.லின் அடிப்படை விதி. அப்படி இருந்தால் அது எக்ஸ்.எம்.எல்.லே இல்லை, பார்சர் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'சீல் ஏற்கனவே இருந்தால் மறுபடி எழுதாதே' என்று ஒரு வரி சேர்த்தேன். பிழைச் செய்தி போய்விட்டது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் இரவு எட்டரை மணி இருக்கும். நைனாவிடமிருந்து போன் வந்தது. "சாப்பாடு எடுத்துக்கினு வாடா. இன்னிக்கு வர முடியாது போலகீது." குரலே சரியில்லை. அம்மா கட்டிக் கொடுத்த சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி வரிசையில் இல்லை. கேட்டுக்கு வெளியே தனியாக ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். நைனா டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா ஆச்சு?"

"சீல் நம்பர் ஒத்துவரலையாம். பேப்பர்ல ஒண்ணு கீது, பொட்டில ஒண்ணு கீது. நடுவுல எங்கனா நிறுத்தினியா, எவனையாவது பார்த்தியான்னு கேக்குறான். இருவத்திரண்டு வருசமா ஓட்டறேன், ஒருத்தன் கேட்டதில்ல."

கையில் இருந்த பேப்பரைக் கொடுத்தார். சீல் எண் 448120 என்று இருந்தது. நான் மெதுவாகப் பின்னால் போய், செல்போன் வெளிச்சத்தில் கதவைப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த சீலில் 551907. உள்ளே இருந்தது ஆம்பூர் ஷூ. சுங்கம் பார்த்து, புதுச் சீல் போட்ட பெட்டி. புது எண்ணைச் சூப்பர்வைசர் ஒழுங்காகத் தட்டியிருப்பார். 'ஏற்கனவே இருந்தால் எழுதாதே' என்று நான் போட்ட வரி அதை வாங்கிக் குப்பையில் போட்டிருக்கும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று இரவு நான் வாயைத் திறக்கவில்லை. நைனா சாப்பிட்டார். சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டினார், திட்ட வேண்டிய அளவு திட்டினார். பிறகு பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்து, ஃபார்மைத் திருத்தி, ஆளை அனுப்பினார்கள். மதியம் வண்டி உள்ளே போனது. கப்பலுக்கான நேரம் தப்பவில்லை. நைனாவுக்கு அன்றைய அடுத்த டிரிப் போனது. அந்தப் பணத்தைவிட, 'நடுவுல நிறுத்தினியா' என்ற கேள்விதான் அவருக்குப் பெரிய நஷ்டம். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது நாள் ராத்திரி, மொட்டை மாடியில் படுத்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "நைனா, அந்த நம்பர் மாறினது என்னாலதான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "எப்டி?" என்று மட்டும் கேட்டார். கம்ப்யூட்டர் தெரியாதவருக்கு எப்படிச் சொல்வது? ஒரு பெட்டிக்கு ஒரு சீல்தான் என்று எழுதி வைத்தேன், இரண்டாவது வந்தபோது எழுத இடமில்லை, அதனால் பழையதே நின்றுவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"தோ பாரு. பொட்டி மேல நம்பர் இன்னாத்துல எழுதிகீது? பெயிண்ட்டுல. ஏன்? அது பொட்டியோட பொறந்தது, பொட்டியோட போறது. சீலு இன்னா? பூட்டு. இன்னிக்கு ஒருத்தன் போடுவான், நாளைக்கு ஒருத்தன் வெட்டுவான், அப்பால இன்னொருத்தன் போடுவான். நீ பூட்ட கொண்டுபோயி பெயிண்ட்டுல எழுதிகினு இருந்திருக்கே. படிச்ச புள்ள, இது கூடவா தெரியாது?"

நண்பர்களே, அட்ரிபியூட்டா எலிமெண்ட்டா என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மறுநாள் ஆர்வக்கோளாறில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். எதற்கு வம்பு, எல்லாவற்றையும் எலிமெண்ட் ஆக்கிவிடலாம் என்று பெட்டி எண்ணையும் எலிமெண்ட்டாக எழுதினேன். சோதனைக்காக ஒரே பெட்டிக்கு இரண்டு எண் கொடுத்துப் பார்த்தேன். பார்சர் கம்மென்று ஏற்றுக்கொண்டது! தனியாக ஸ்கீமா எழுதித் தடுத்தால் ஒழிய, எலிமெண்ட் எத்தனை முறை வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அப்போதுதான் உறைத்தது. 'ஒன்றுக்கு மேல் விடமாட்டேன்' என்ற அட்ரிபியூட்டின் பிடிவாதம் குறை இல்லை, அதுவே ஒரு காவல். பெட்டி எண்ணுக்கு அந்தக் காவல் வேண்டும். சீலுக்கு அது கூடாது. 'டூப்ளிகேட் அட்ரிபியூட்' என்று அன்று திரையில் வந்தது பிழை அல்ல, ஒரு கேள்வி. 'தம்பி, இது நிஜமாகவே ஒன்றுதானா?' என்று பார்சர் கேட்டது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

கடைசியில் கோப்பு இப்படி ஆனது:

<பெட்டி எண்="சிஎஸ்கியூயூ3054383" வகை="22ஜி1">
  <சீல் போட்டவர்="ஏற்றுமதியாளர்" நாள்="12">448120</சீல்>
  <சீல் போட்டவர்="சுங்கம்" நாள்="13">551907</சீல்>
  <எடை அலகு="கிலோ" முறை="1">7250</எடை>
  <பொருள்>ஷூ</பொருள்>
</பெட்டி>

பழைய சீலும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது. எலிமெண்ட்கள் எழுதிய வரிசையிலேயே படிக்கப்படும். அட்ரிபியூட்களின் வரிசைக்கு எக்ஸ்.எம்.எல்.லில் அர்த்தமே கிடையாது. ஆக, எது முதலில் எது பின்னால் என்பது முக்கியமானால் எலிமெண்ட்தான்.

எடையைப் பாருங்கள். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிப் பெட்டியின் மொத்த எடையைச் சரிபார்த்துச் சொல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. நிரப்பிய பெட்டியை அப்படியே எடை போடுவது முதல் முறை. உள்ளே போகும் பொருள்களை எடை போட்டு, வெறும் பெட்டியின் எடையைக் கூட்டிக்கொள்வது இரண்டாவது முறை. அப்படியானால் 7250 என்ற எண் தனியாக நிற்க முடியாது. கிலோவா, எந்த முறை என்ற குறிப்பும் அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அட்ரிபியூட்டுக்கு இன்னோர் அட்ரிபியூட் மாட்ட முடியாது. ஆகவே எடை எலிமெண்ட், அலகு அதன் அட்ரிபியூட்.

முகவரியில் இன்னொரு வேடிக்கை. வாங்குபவரின் முகவரியை நான்கு வரியாக அட்ரிபியூட்டில் போட்டிருந்தேன். அச்சில் ஒரே நீள வரியாக வந்தது. பிரிண்டரைத் திட்டினேன். தப்பு பிரிண்டர் மேல் இல்லை. அட்ரிபியூட் மதிப்புக்குள் என்டர் தட்டினால், பார்சர் அதை வெற்றிடமாக மாற்றிவிடும். அதுவும் விதி. வரி பிரித்துப் படிக்க வேண்டிய எழுத்தை அட்ரிபியூட்டில் வைக்காதே என்பது பாடம். அதோடு முகவரி என்பது கதவு எண், தெரு, ஊர் என்று உள்ளுக்குள் பிரிந்துகொண்டே போகும். பிரியக்கூடியது எதுவும் எலிமெண்ட்.

நைனாவின் சூத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் அவரே சொன்னார். "வெறும் பொட்டி எடைகூட பெயிண்ட்டுலதான் கீது. ஆனா பெருசா வேலை செஞ்சு மாத்தினா அதையும் அழிச்சு வேற எழுதுவான்." ஆக, எழுதப்பட்டது பெயிண்ட்டில் என்பதாலேயே அது மாறாது என்று நம்பிவிட முடியாது. அந்தப் பழைய எடை நமக்கு எப்போதாவது தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்துக்குத் தேவைப்படாது. பெட்டியை ரிப்பேர் செய்கிறவருக்குத் தேவைப்படலாம். ஒரே தகவல் ஓர் இடத்தில் அட்ரிபியூட்டாகவும் இன்னோர் இடத்தில் எலிமெண்ட்டாகவும் இருப்பது தவறே இல்லை.

இத்தனை குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் சட்ட ஆவணங்களைக் கையாள ஒரு குறியீட்டு மொழி செய்தார்கள். ஜி.எம்.எல். என்பது அவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளும்கூட! அது வளர்ந்து 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேசத் தரம் ஆனது. அதைச் சுருக்கி, 1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்.எம்.எல். 1.0 வந்தது. பிறப்பிலேயே இது ஆவணங்களுக்கான மொழி. அங்கே கேள்விக்கு நேரான விடை உண்டு. டேக்குகளை எல்லாம் உரித்துவிட்டால் மிஞ்சுவது வாசகர் படிக்கும் எழுத்து. அது எலிமெண்ட்டின் உள்ளடக்கம். அந்த எழுத்தைப் பற்றி எந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு அட்ரிபியூட். ஆனால் சீல் எண்ணும் எடையும் யாரும் உட்கார்ந்து படிக்கும் கதை இல்லையே! ஆவணத்துக்குத் தைத்த சட்டையைத் தகவலுக்குப் போட்டதால் வந்த பிரச்சினை இது. எதை எதில் வைப்பது என்று எக்ஸ்.எம்.எல். விதிநூல் கட்டளை இடவில்லை. பொறுப்பை நம் தலையில் விட்டுவிட்டது.

அதனால் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி செய்திருக்கிறார்கள். நம் ஆதார் கடிதத்தில் ஆரம்ப காலத்தில் அச்சிட்ட கியூ.ஆர். சதுரத்துக்குள் இருந்தது ஒரே ஓர் எலிமெண்ட். பெயர், பாலினம், முகவரி எல்லாம் அதன் அட்ரிபியூட்கள். சின்னச் சதுரத்தில் இடம் மிச்சம் என்பது எனக்குத் தோன்றும் காரணம். 2018இல் வந்த ஆஃப்லைன் கே.ஒய்.சி. கோப்பில் பெயர், பிறந்த நாள் ஓர் எலிமெண்ட்டின் அட்ரிபியூட்கள். முகவரி இன்னோர் எலிமெண்ட்டில். போட்டோ மட்டும் தனி எலிமெண்ட்டின் உள்ளடக்கம், நீளமானது அல்லவா. வணிக ஆவணங்களுக்கான யூ.பி.எல். தரத்தில் தொகை எலிமெண்ட், அது ரூபாயா டாலரா என்பது அட்ரிபியூட். என் எடை மாதிரியேதான். ஆண்ட்ராய்டு லேஅவுட் எழுதிய நண்பர்களுக்குத் தெரியும், அங்கே ஏறக்குறைய எல்லாமே அட்ரிபியூட். ஒரு பட்டனுக்கு ஒரு அகலம்தானே! அங்கே அது சரி.

"இப்போ யார்டா எக்ஸ்.எம்.எல். யூஸ் பண்றாங்க? எல்லாம் ஜேசான்தான்" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். உன் புராஜெக்ட் ரிப்போர்ட்டை வேர்டில்தானே அடிக்கிறாய், அந்தக் கோப்பை ஜிப் மாதிரிப் பிரித்துப் பார், உள்ளே முழுக்க எக்ஸ்.எம்.எல். என்றேன். ஜேசானில் அட்ரிபியூட் கிடையாது என்பது உண்மை. ஆனால் கேள்வி ஓடிவிடவில்லை. சீலுக்கு ஒரே மதிப்பா, பட்டியலா என்று அங்கேயும் முடிவு செய்தாக வேண்டும். டேட்டாபேஸ் என்றால் ஒரு காலமா, தனி டேபிளா. மெக்கானிக்கல் நண்பா, உன் ஒர்க்‌ஷாப் ஸ்டோர் ரிஜிஸ்டரில் 'டூல் வாங்கியவர் பெயர்' என்று ஒரே கட்டம் போட்டால், இரண்டாவது ஆள் வாங்கும்போது முதல் பெயரை அடித்துத்தான் எழுதுவாய். டூல் தொலைந்தால் யாரைக் கேட்பாய்? கடைசியாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவியைத்தான்!

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு தகவலை அட்ரிபியூட்டில் எழுதும்போது 'இது ஒன்றுதான், இது பிரியாது, இதற்கு முன்கதை இல்லை' என்று ஒரு வாக்குக் கொடுக்கிறோம். மற்றவர் கை படும் விஷயங்களுக்கு அந்த வாக்கை அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது. வாக்குத் தவறினால் நாம் ஏ.சி. அறையில் இருப்போம். ராத்திரி முழுக்க ஓரம் கட்டி நிற்பது வேறு ஒருவர். என் விஷயத்தில் அந்த வேறு ஒருவர் எங்கள் நைனாவாக இருந்ததால் எனக்குத் தெரிந்தது. இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

இப்போது நைனா வண்டி எடுப்பதற்கு முன் சீலை ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார். பேப்பரில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார். "ஏன் நைனா, இப்போதான் சரி பண்ணிட்டேனே?" என்று கேட்டேன். "பண்ணிருப்பே. இருந்தாலும் பாத்துக்கறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

தேர்வு எழுதும் நண்பர்கள் அனைவரும் வெற்றி பெற வாழ்த்துகள். வேலைக்குப் போகும் நண்பர்களே, பிழைச் செய்தி வந்தால் முதலில் அதைப் படியுங்கள். டீ எங்கேயும் ஓடிவிடாது!

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை